நடுநிலை யாரிடம் கேட்கப்படுகிறது? கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லியின் நியமனமும் நமக்கான கேள்விகளும்

1966 ஆகஸ்ட் 30 அன்று அமெரிக்க செனட் அவை, கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்னும் கறுப்பின வழக்குரைஞரை நியூயார்க் தென் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதியாக ஏற்றுக்கொண்டது. கூட்டாட்சி நீதித்துறையில் நீதிபதியாக அமர்ந்த முதல் கறுப்பினப் பெண் அவர். 2026 ஆகஸ்ட்டில் அந்நிகழ்வுக்கு அறுபது ஆண்டுகள் நிறைவடைகின்றன. இந்திய உயர் நீதித்துறையில் ஒடுக்கப்பட்டோரின் இடம் குறித்து நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுவதும், ஒரே வகையான விடையோடு அவை அடங்கிப்போவதும் வழக்கமாகிவிட்ட இக்காலத்தில், அந்த நியமனத்தை நாம் கூர்ந்து நோக்க வேண்டியுள்ளது. அது ஒரு தனிமனிதரின் வெற்றிக் கதை மட்டுமன்று. நீதிபதியின் சமூகப் பின்னணி எப்போது 'பிரச்சினை' ஆக்கப்படுகிறது, யாருக்கு மட்டும் ஆக்கப்படுகிறது என்பதற்கான சான்றாவணம் அது.

வழக்குரைஞராக இருபது ஆண்டுகள்

மோட்லி 1921 செப்டம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் பிறந்தார். கரீபியன் தீவான நெவிஸிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த பன்னிரண்டு குழந்தைகளில் ஒன்பதாமவர். தந்தை, யேல் பல்கலைக்கழக மாணவர் சங்கங்களில் சமையற்காரர். பள்ளிப் படிப்பு முடிந்தபின் கல்லூரிக்குச் செல்லப் பணமில்லை. நகரின் சமுதாயக் கூடம் ஒன்றில் அவர் ஆற்றிய உரையைக் கேட்ட வெள்ளையினச் செல்வந்தர் ஒருவர் படிப்புச் செலவை ஏற்றதால்தான் அவரது உயர்கல்வி நிகழ்ந்தது. 1946இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தார். அண்ணல் அம்பேத்கர் பயின்ற அதே பல்கலைக்கழகம் அது.

படிப்பை முடிக்கும் முன்பே, தர்குட் மார்ஷல் தலைமையிலான கறுப்பினர் உரிமைச் சட்ட நிதியத்தில் அவர் பணிக்குச் சேர்ந்தார். பள்ளிகளில் இனப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டின் பிரௌன் வழக்கில் மனுவை வரைந்தவர்களுள் அவரும் ஒருவர். 1961இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கதவுகளையும், 1962இல் ஜேம்ஸ் மெரிடித்துக்காக மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் கதவுகளையும் வழக்காடித் திறந்தார். மார்ட்டின் லூதர் கிங்குக்காகவும் வழக்காடினார்.

உச்ச நீதிமன்றத்தில் அவர் வாதிட்ட வழக்குகள் பத்து, வென்றவை ஒன்பது. தோற்ற அந்த ஒரு வழக்கு நம் கவனத்துக்குரியது. அலபாமா மாநிலத்தில் முழுக்க வெள்ளையர் அடங்கிய ஜூரி, ஒரு கறுப்பின இளைஞருக்கு மரண தண்டனை விதித்தது. அந்த மாவட்டத்தில் 1950 வாக்கிலிருந்து ஒரு கறுப்பினர்கூட விசாரணை ஜூரியில் அமர்ந்ததில்லை. இந்த வழக்கில் ஜூரிக்குத் தகுதி பெற்றிருந்த ஆறு கறுப்பினரையும் அரசுத் தரப்பு நீக்கியது. 1965இல் உச்ச நீதிமன்றம் இதில் தவறு காணவில்லை. இருபத்தோராண்டுகள் கழித்து, 1986இல்தான் அந்நீதிமன்றம் தன் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டது. பள்ளியில் யார் அமர்வது என்ற கேள்விக்கு விட்டுக்கொடுத்த அமைப்பு, தீர்ப்பு வழங்கும் இடத்தில் யார் அமர்வது என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை.

ஏழு மாதக் காத்திருப்பு

அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிகிறார். செனட்டின் நீதித்துறைக் குழு விசாரிக்கிறது. பின்னர் முழு அவை வாக்களிக்கிறது. ஒப்புதல் கிடைத்தால் அப்பதவி வாழ்நாள் பதவி. மாவட்ட நீதிமன்றம் என்பது அங்கே விசாரணை நீதிமன்றம். சாட்சி நிற்பதும் சான்று பதிவாவதும் அங்கேதான். மேல்நீதிமன்றங்கள் பெரும்பாலும் அங்கே முடிவான உண்மைகளின் மீதே சட்டத்தைப் பேசுகின்றன.

அதிபர் லிண்டன் ஜான்சன் முதலில் மோட்லியை மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கே அனுப்ப எண்ணினார். எதிர்ப்பு வலுத்ததால் அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. 1966 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றத்துக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அப்போது நீதித்துறைக் குழுவின் தலைவராக இருந்தவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லேண்ட். இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்தவர். தம் மாநிலத்துப் பல்கலைக்கழகத்தை நான்காண்டுகளுக்கு முன் நீதிமன்றத்தில் தோற்கடித்த பெண்ணின் கோப்பு அவர் மேசைக்கு வந்தது. அவர் அதனை ஏழு மாதங்கள் இழுத்தடித்தார். மோட்லிக்குக் கம்யூனிஸ்ட் தொடர்பு உண்டு என்று குற்றம் சுமத்தினார்.

இதே குழு, இதே தலைவர், ஐந்தாண்டுகளுக்கு முன் நடத்திய மற்றொரு நியமனத்தை அருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஈஸ்ட்லேண்டின் கல்லூரித் தோழர் வில்லியம் ஹரோல்ட் காக்ஸ், மிசிசிப்பி மாவட்ட நீதிமன்றத்துக்கு 1961 ஜூன் மாதத்தில் முன்மொழியப்பட்டு, அதே மாதத்திலேயே ஒப்புதல் பெற்றார். அமெரிக்க வழக்குரைஞர் சங்கம் அவருக்குத் தன் தகுதி வரிசையில் உச்சநிலையை வழங்கியிருந்தது. அந்தத் தகுதியாளர்தான் 1964இல் நீதிமன்றத்தில் அமர்ந்துகொண்டு, வாக்காளர் பதிவுக்கு வந்த கறுப்பின மக்களைச் சிம்பன்சிகளோடு ஒப்பிட்டுப் பேசினார். அதன் பிறகும் அவர் பல்லாண்டுகள் நீதிபதியாகவே நீடித்தார்.

'தகுதி' என்ற சொல் நமக்கும் பழக்கமானதே. உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டு ஒன்பது வழக்குகளில் வென்றவருக்கு ஏழு மாத ஐயம். குழுத் தலைவரின் தோழருக்குச் சில நாள்களில் ஒப்புதல். அளவுகோல் ஒன்றுபோலத் தோன்றினாலும் அதனைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

நீதிபதிக்கு இனம் உண்டா?

பதவியேற்ற பின்னரும் ஐயம் ஓயவில்லை. 1975இல், நியூயார்க்கின் பெரும் சட்ட நிறுவனங்களுள் ஒன்றான சலிவன் அண்ட் கிராம்வெல் மீது, பணியமர்த்துவதில் பெண்களைப் பாகுபடுத்துவதாகத் தொடுக்கப்பட்ட வழக்கு மோட்லியிடம் வந்தது. அவர் ஒரு கறுப்பினர், பெண், பாகுபாட்டுக்கு எதிராக வழக்காடியவர். எனவே விசாரணையிலிருந்து விலக வேண்டும் என்று நிறுவனத் தரப்பு கோரியது.

மோட்லி மறுத்தார். அவர் கூறிய காரணத்தின் சாரம் இதுதான்: ஒரு நீதிபதியின் பின்னணி, பால், இனம் ஆகியவையே அவரை விலக்கப் போதுமானவை என்றால், இந்நீதிமன்றத்தின் எந்த நீதிபதியும் இவ்வழக்கை விசாரிக்க இயலாது, ஏனெனில் ஒவ்வொருவருக்கும் ஓர் இனமும் ஒரு பாலும் உண்டு. இதற்குச் சற்று முன்பு, 1974இல், பென்சில்வேனியாவின் கறுப்பின மாவட்ட நீதிபதி லியோன் ஹிக்கின்பாதமிடமும் இத்தகைய கோரிக்கை வைக்கப்பட்டது. அவரும் அதே முறையில் அதனை நிராகரித்திருந்தார்.

எளிய தருக்கம்தான். ஆயினும் அது தொடும் இடம் ஆழமானது. வெள்ளையின ஆண் நீதிபதிகள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இன வழக்குகளையும் பெண்கள் தொடர்பான வழக்குகளையும் விசாரித்தனர். அவர்களுக்கு இனம் இருப்பதாகவே எவரும் கருதவில்லை. ஆதிக்கத்தின் இயல்பே தன் அடையாளத்தைப் பொதுமை என்று காட்டிக்கொள்வதுதான். கீழிருந்து ஒருவர் மேடையேறும்போது மட்டும் 'அடையாளம்' கண்ணுக்குத் தெரிகிறது; உடனே நடுநிலை குறித்த கவலையும் பிறக்கிறது.

மோட்லியின் தீர்ப்புகள் இக்கவலை எவ்வளவு பொய்யானது என்பதைக் காட்டின. பாகுபாட்டுக் குற்றச்சாட்டுடன் வந்த வழக்குகளில் போதிய சான்று இல்லாதபோது அவர் தள்ளுபடி செய்ததும் உண்டு. அதேவேளையில், பிறர் காணத் தவறியதை அவர் கண்டார். 1970இல், ஓராண்டுக்கும் மேலாகத் தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த மார்ட்டின் சோஸ்ட்ரே என்னும் கைதியின் வழக்கில், அது அரசியல் சட்டத்துக்கு முரணான கொடுமை என்று கூறி, 13,020 டாலர் இழப்பீடு வழங்க ஆணையிட்டார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு பகுதியளவு மாற்றப்பட்டது. எனினும் சிறைக் கைதியின் உரிமை குறித்த விவாதத்தில் அது நிலைபெற்றது. 1978இல் யாங்கீ விளையாட்டரங்கின் வீரர் அறைக்குள் செய்தி சேகரிக்கப் பெண் நிருபர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டிருந்த தடை செல்லாது என்றார். 1982 முதல் 1986 வரை அந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 2005இல் மறைந்தார்.

பன்னிரண்டு ஆண்டுத் தனிமை

ஒருவரை அமர்த்துவது வேறு, கதவைத் திறந்துவைப்பது வேறு. மோட்லிக்குப் பின் அடுத்த கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதியாவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1978இல் மேரி ஜான்சன் லோ நியமிக்கப்பட்டார். அதிபர் கார்ட்டர் காலத்தில் புதிய நீதிபதிப் பணியிடங்கள் உருவாக்கப்பட்டு, பெண்களையும் சிறுபான்மையினரையும் தேடிக் கண்டறிய வேண்டும் என்ற கொள்கை வகுக்கப்பட்ட பிறகே எண்ணிக்கை உயர்ந்தது. அவர் நியமித்த பெண் நீதிபதிகள் 40 பேர். அதே வழியில்தான் கேடாஞ்சி பிரௌன் ஜாக்சனும் 2013இல் மாவட்ட நீதிபதியாகத் தொடங்கி, 2022இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியானார். மோட்லியின் பிறந்த நாளே தம்முடைய பிறந்த நாளும் என்பதை அவர் தம் ஏற்புரையில் நினைவுகூர்ந்தார்.

பிறப்பு மட்டுமே ஒருவரை நீதியின் பக்கம் நிறுத்திவிடும் என்று நாம் கூறவில்லை. இட ஒதுக்கீட்டை ஒத்த உறுதியாக்க நடவடிக்கைகளை எதிர்க்கும் கறுப்பின நீதிபதி கிளாரன்ஸ் தாமஸும் அதே உச்ச நீதிமன்றத்தில்தான் 1991 முதல் அமர்ந்திருக்கிறார். பிரதிநிதித்துவம் நீதிக்கு உத்தரவாதம் தராது. ஆனால் அது இல்லாத இடத்தில் நீதிக்கான வாய்ப்பே குறைகிறது.

இங்குள்ள மூடிய கதவு

இதனை நாம் அறிந்த வழியில் எண்ணிப் பார்க்கலாம். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். விசாரணை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973இல் விடுவித்தது. செல்வமும் தகுதியும் உடையவர்கள் தாமே நேரில் சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பத்தக்கதன்று என்னும் கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. எது நம்பத்தக்கது, எது நம்பத்தகாதது என்பதை ஒருவரது வாழ்வனுபவம் எந்த அளவுக்குத் தீர்மானிக்கிறது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

2025 மார்ச்சில் ஒன்றிய அரசு மாநிலங்களவையில் அளித்த விவரத்தின்படி, 2018 முதல் உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 715 நீதிபதிகளில் பட்டியல் சாதியினர் 22 பேர், பழங்குடியினர் 16 பேர், பிற பிற்படுத்தப்பட்டோர் 89 பேர், சிறுபான்மையினர் 37 பேர். பட்டியல் சாதியினரின் பங்கு நூற்றுக்கு மூன்றளவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 16.6 விழுக்காடு. இந்த எண்களும் பரிந்துரைக்கப்பட்டோர் தாமே அளித்த தகவலின் அடிப்படையில் 2018 முதல் திரட்டப்படுபவை. அதற்கு முந்தைய காலம் குறித்து இத்தகைய பதிவே இல்லை.

உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன், ஆண்டு 1980. முதல் தலித் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் 2010இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் பி.ஆர். கவாய் 2019இல் வரும் வரை ஒன்பதாண்டுகள் அந்நீதிமன்றத்தில் ஒரு தலித் நீதிபதிகூட இல்லை. 1989இல் பாத்திமா பீவி தொடங்கி அங்கே அமர்ந்த பெண்களுள் ஒருவர்கூடப் பட்டியல் சமூகத்தவர் அல்லர். மோட்லி 1966இல் கடந்த வாயிலை, இந்தியாவின் உச்ச நீதிமன்றத்தில் ஒரு தலித் பெண் இன்னும் கடக்கவில்லை.

அமெரிக்க முறை முன்மாதிரி என்று கூறுவதற்கில்லை. பகிரங்க விசாரணை மோட்லியை அவமதிக்கவே பயன்பட்டது. ஆயினும் அது ஒரு தடயத்தை விட்டுச் சென்றது. யார் தடுத்தார், எத்தனை மாதம் தடுத்தார், எக்காரணம் சொன்னார் என்பதை அறுபது ஆண்டுகள் கழித்தும் நாம் பெயரோடும் தேதியோடும் எழுத முடிகிறது. இங்கே 1993ஆம் ஆண்டுத் தீர்ப்பிலிருந்து உருவான கொலீஜியம் முறையில், பரிசீலனைக்கே வராமல் போன தலித் வழக்குரைஞர் யார், ஏன் விடப்பட்டார் என்பது எந்த ஏட்டிலும் இராது. 2017 அக்டோபர் முதல் தீர்மானங்கள் வெளியிடப்பட்டாலும், விடுபட்டோரின் வரலாறு அவற்றில் இல்லை. பரிந்துரைகளை ஒன்றிய அரசு காலவரம்பின்றி நிறுத்திவைப்பதற்கும் விளக்கம் கிடைப்பதில்லை. ஈஸ்ட்லேண்டுகள் இங்கே இல்லை என்பதன்று; அவர்களுக்குப் பெயர் இல்லை என்பதே வேறுபாடு.

எனவே கோரிக்கைகளும் தெளிவானவை. உயர் நீதிமன்ற நியமனங்களில் பெரும்பகுதி வழக்குரைஞர்களிடமிருந்தே நிகழ்வதால், அரசு வழக்குரைஞர், பொதுத்துறை நிறுவன வழக்குரைஞர் பட்டியல்களில் பட்டியல் சமூகத்தினருக்கும் பெண்களுக்கும் உரிய பங்கு சட்டப்படி உறுதியாக வேண்டும். மோட்லியை உருவாக்கியது, அவருக்கு நீதிமன்ற அனுபவத்தைத் தந்த ஓர் அமைப்பே. பரிசீலிக்கப்பட்டோரின் சமூக விவரம், நியமிக்கப்பட்டோரின் விவரத்தைப் போலவே வெளியிடப்பட வேண்டும். பரிந்துரைகள் மீது முடிவெடுக்கக் காலவரம்பு வேண்டும். மறுப்புக்கு எழுத்தில் காரணம் வேண்டும்.

இவற்றுக்கு விடையாக நடுநிலை குறித்த கவலை மீண்டும் எழுப்பப்படும். அப்போது மோட்லி 1975இல் சொன்னதையே நாமும் சொல்லலாம். சாதி இல்லாத நீதிபதி இந்நாட்டில் எவரும் இலர். சிலரது சாதி மட்டும் கேள்விக்குள்ளாவதுதான் நடுநிலையின் முதல் மீறல்.