முதற்பாட்டின் கடமை

எத்துணைப் பெரிய நூலாயினும், பாயிரம் இல்லையேல் அது நூலாகாது என்பது நம் இலக்கண ஆசிரியர் கொள்கை. நூலின் பெயர் யாது, அஃது எவ்வழிச் செல்வது, யாருக்காக எழுந்தது என்பவற்றைப் படிப்பவன் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்பது அவர் கருத்து. இந்த உண்மை ஏட்டில் எழுதிய நூலுக்கு மட்டும் உரியதன்று; பல பாட்டுக்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வெளியிடும் இசைத்தட்டுக்கும் உரியதே. அதிலும் ‘றொக்’ எனப்படும் மேலைநாட்டு இசையில், முதற்பாட்டை அமைப்பது தனியொரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

சிறந்த முதற்பாட்டு எது? இருப்பவற்றுள் நல்ல பாட்டை எடுத்து முதலில் வைத்தாற் போயிற்று என்று பலர் விடை கூறுவர். அவ்வளவு எளிதில் முடிந்துவிடும் வினாவன்று இது. வீட்டிலுள்ள விலையுயர்ந்த பொருள்களையெல்லாம் வாசலிற் கொண்டுவந்து குவிப்பவர் உண்டோ? வாசலின் வேலை வேறு. வந்தவரை உள்ளே அழைப்பதும், உள்ளிருப்பது எத்தகைய வீடு என்பதை உணர்த்துவதுமே அதன் வேலை.

முதற்பாட்டு என்ற ஒன்று பிறந்ததற்கே ஒரு காரணம் உண்டு. பழைய இசைத்தட்டுக்கள் நிமிடத்துக்கு 78 தடவை சுழன்றன. ஒரு பக்கத்தில் மூன்று அல்லது நான்கு நிமிடப் பாட்டொன்றே அடங்கும். அங்கே வரிசை என்ற பேச்சுக்கே இடமில்லை. 1948ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ தடவை சுழலும் நீள்நேர இசைத்தட்டை வெளியிட்டது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடங்களுக்கு மேலாக இசையைப் பதிக்க முடிந்தது. எதை முன்னே வைப்பது, எதைப் பின்னே வைப்பது என்னும் கேள்வி அன்று எழுந்தது. தட்டின் இயல்பும் இதற்குத் துணைபுரிந்தது. ஊசி முதலிற் பதியும் வெளிவட்டத்தில் ஒரு சுற்றின் நீளம் அதிகம்; ஆகவே ஒலியும் அங்கே தெளிவாக அமையும். உள்வட்டத்தை நெருங்க நெருங்க ஒலியின் கூர்மை குறையும். முதற்பாட்டுக்கு வாய்த்தது முதலிடம் மட்டுமன்று, நல்ல இடமும் ஆகும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலிருந்து வந்த ‘பீற்றில்ஸ்’ குழுவினர் 1963இல் தமது முதலாவது நீள்தட்டை வெளியிட்டனர். அதன் முதல் ஒலி பாட்டன்று. போல் மக்கார்ட்னி ஒன்று முதல் நான்குவரை எண்ணும் குரல். பாடகர் தாளம் பிடிப்பதற்காக எண்ணும் எண்ணிக்கை அது. வழக்கமாக அதனை வெட்டி எறிந்துவிட்டே பாட்டை வெளியிடுவார்கள். தயாரிப்பாளரான ஜோர்ஜ் மார்ட்டின் அதனை நீக்கவில்லை. அவ்வளவோடும் நில்லாமல், வேறொரு தடவை பாடியபோது பதிவான எண்ணிக்கையை வெட்டியெடுத்து, தெரிந்தெடுத்த பாட்டின் முன்னே ஒட்டவைத்தார். ஏன்? அந்த எண்ணிக்கையைக் கேட்டதும், நாம் அறைக்குள் இசைப்பெட்டியின் முன் இருப்பதை மறந்து மேடையின் முன் நிற்பவராகிறோம். அந்த உணர்ச்சி பொய்யுமன்று. அத்தட்டின் பதினான்கு பாட்டுக்களுள் பத்தினை 1963 பெப்ரவரி 11ஆம் நாள் ஒரே நாளிற் பாடிப் பதித்தனர். மேடையிற் பாடுவதுபோலவே பாடினர். முதல் ஒலி தந்த வாக்கைப் பின்வந்த பாட்டுக்கள் காப்பாற்றின.

இங்கேதான் நம் வினாவின் விடை தலைகாட்டுகிறது. முதற்பாட்டு என்பது ஒரு வாக்குறுதி. அது நிறைவேறுவதும் நிறைவேறாததும் அடுத்துவரும் பாட்டுக்களின் கையில் இருக்கின்றன.

சில வேளைகளில் அந்த வாக்குறுதி கேட்பவரைத் திடுக்கிட வைப்பதாகவும் அமையும். அமெரிக்கக் கவிஞரும் பாடகருமான பொப் டிலன் தனியொரு கிற்றாரோடு நாட்டார் பாடல் மரபிற் பாடிப் புகழ்பெற்றவர். 1965 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த ‘ஹைவே 61 ரிவிசிற்றெட்’ என்னும் அவரது தட்டு, முரசின்மேல் விழும் ஒரேயோர் அடியுடன் தொடங்குகிறது. துப்பாக்கி வெடித்தாற்போன்ற அந்த அடியைத் தொடர்ந்து மின்கிற்றாரும் பியானோவும் ஓர்கனும் ஒருங்கே பாய்கின்றன. ஓர்கன் வாசித்த அல் கூப்பர் அன்றைய தினம் விருந்தினராகக் கலையகத்துக்கு வந்த ஒரு கிற்றார்க் கலைஞர். ஓர்கன் அவருக்குப் பழகிய கருவியன்று. ஆறு நிமிடங்களுக்குமேல் நீளும் அப்பாட்டின் பெயர் ‘லைக் எ றோலிங் ஸ்ரோன்’. பழைய டிலனைத் தேடி வந்தவர்களுக்கு, இனி அந்த வீட்டில் அவர் இல்லை என்று முதல் அடியே அறிவித்துவிட்டது.

புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1988இல் டிலனைக் கௌரவித்த விழாவொன்றிலே இப்பாட்டைப்பற்றிப் பேசினார். அவர் அதனை முதன்முதலாகக் கேட்டபோது தம் தாயாருடன் மோட்டார் வண்டியில் இருந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. வானொலியில் எழுந்த அந்த முரசடி, மனத்தின் கதவை யாரோ காலால் உதைத்துத் திறந்தாற்போல் இருந்தது என்றார். அருகிலிருந்த தாயாரோ, இவனுக்குப் பாடத் தெரியாது என்று கூறிவிட்டார். மகன் மறுமொழி சொல்லவில்லை, மௌனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வளர்ந்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் காட்சி புதிதன்று.

எல்லா வாயில்களும் உதைத்தே திறக்கவேண்டியவை அல்ல. 1973இல் ‘பிங் ஃபுளொயிட்’ குழுவினர் வெளியிட்ட ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ இதயத் துடிப்பொன்றின் மெல்லிய ஒலியுடன் தொடங்குகிறது. பின்னர் மணிக்கூடுகளின் ஓசை, காசுப்பெட்டியின் சத்தம், சிரிப்பு, அலறல் யாவும் மங்கலாக வந்து கலக்கின்றன. இவையெல்லாம் அத்தட்டின் பின்பகுதிகளில் வரவிருப்பவை. காலம், பணம், மனப்பிறழ்வு என்று தட்டு பேசப்போகும் பொருள்களை ஒரு நிமிடத்துள் தொகுத்துக் காட்டிவிடுகிறது தொடக்கம். உண்மையான பாயிரம் என்று இதனைச் சொல்லலாம். தட்டின் முடிவிலும் அதே இதயத் துடிப்பே ஒலிக்கிறது.

முதற்பாட்டை அமைப்பது எத்துணை உழைப்பை வேண்டுவது என்பதற்கு அயர்லாந்தின் ‘யூ-2’ குழுவினர் 1987இல் வெளியிட்ட ‘த ஜொஷுவா ட்றீ’ நல்ல சான்று. அதன் முதற்பாட்டு, தெருக்களுக்குப் பெயரில்லாத ஓர் இடத்தைப் பற்றியது. வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் ஒருவர் குடியிருக்கும் தெருவின் பெயரைக் கேட்டாலே அவர் எந்தச் சமயத்தவர், எவ்வளவு வருவாய் உள்ளவர் என்று சொல்லிவிடலாம் என்பதைக் கேள்வியுற்ற பாடகர் போனோவின் உள்ளத்தில் எழுந்த ஏக்கம் அது. இத்தகைய ஏக்கம் எந்த நாட்டவருக்கும் விளங்கக்கூடியதே.

அப்பாட்டின் தொடக்கத் தாளம் ஒரு கணக்கில் ஓடி, பின்னர் வேறொரு கணக்குக்கு மாறுகிறது. வாசிப்பவர்கள் பெரிதும் இடர்ப்பட்டனர். தயாரிப்பாளருள் ஒருவரான டானியல் லனுவா பள்ளிக்கூடக் கரும்பலகை ஒன்றைக் கொண்டுவந்து, ஆசிரியரைப்போலக் கோலால் சுட்டிச் சுட்டி அந்த மாற்றங்களைக் காட்டினாராம். மற்றொரு தயாரிப்பாளரான பிரையன் ஈனோ, இந்த ஒரு பாட்டே காலத்தையெல்லாம் விழுங்குகிறது என்று சலிப்புற்று, பதிவுநாடாவை அழித்துவிடவே முனைந்தார். உதவியாளர் ஒருவர் தடுத்திராவிடில் அப்பாட்டு அன்றே மறைந்திருக்கும். இன்று அதனைக் கேட்பவர், ஒலி மெல்ல மெல்லத் தொலைவிலிருந்து எழுந்து வருவதை உணர்வர். கிற்றார் இணைகிறது, பின்னர் முரசு. குரல் எழுவதற்கு ஏறத்தாழ ஒன்றே முக்கால் நிமிடம் ஆகிறது. இவ்வளவு காத்திருக்கும்படி கேட்கும் உரிமை, அப்பொழுதுதான் வந்து அமர்ந்தவரை வரவேற்கும் முதற்பாட்டுக்கே சிறப்பாக உண்டு.

பாட்டுக்களின் வரிசையை வகுக்கும் பணி, கேர்ஸ்ரி மக்கோல் என்னும் பாடகியிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் வரவேண்டிய பாட்டையும் இறுதியில் வரவேண்டிய பாட்டையும் மட்டும் குழுவினர் முன்பே குறித்துக் கொடுத்தனர். இடைப்பட்டவற்றை அவர் தம் விருப்பப்படி அடுக்கினார். வாயில் எது என்பதில் மட்டும் வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை.

இவற்றைக்கொண்டு நோக்கின், நல்ல முதற்பாட்டுக்கு மூன்று இயல்புகள் வேண்டும் எனலாம். நாம் எங்கே வந்திருக்கிறோம் என்பதை அது முதற்கணத்திலேயே உணர்த்தவேண்டும். பின்வரும் பாட்டுக்கள் காப்பாற்றக்கூடிய வாக்கையே அது தரவேண்டும். தான் முடிந்ததும் இரண்டாம் பாட்டைக் கேட்கும் விருப்பத்தை விட்டுச் செல்லவேண்டும். முதற்பாட்டு முடிந்ததும் மீண்டும் அதனையே போட்டுக் கேட்கத் தோன்றினால், அது நல்ல பாட்டாக இருக்கலாம். நல்ல தொடக்கம் என்று துணிந்து சொல்வதற்கில்லை.

ஆனால், இன்று வாயிலின் வழியாக நுழைபவர் குறைந்து வருகின்றனர். இணையவழி இசைச் சேவையான ஸ்பொட்டிபையில், ஒரு பாட்டை 30 விநாடிகள் கேட்டாலே அது கேட்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது. அந்த 30 விநாடிகளுக்குள் ஆளைப் பிடித்துவிடவேண்டும் என்னும் அவசரம் பாடுவோரைப் பற்றிக்கொள்கிறது. அமெரிக்காவிற் பெருவெற்றி பெற்ற பாட்டுக்களை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஆய்வொன்று, 1980களின் நடுப்பகுதியில் இருபது விநாடிகளுக்குமேல் நீண்ட முன்னிசை 2015 அளவில் சுமார் ஐந்து விநாடிகளாகக் குறுகிவிட்டது என்று காட்டியது. சீட்டைக் கலைப்பதுபோல் பாட்டுக்களைக் கலைத்துப் போடும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. 2021 நவம்பரில் ஆங்கிலப் பாடகி அடெல் வேண்டிக்கொண்டதன்பேரில், இசைத்தொகுதிகளை அவற்றின் வரிசைப்படியே ஒலிக்கச் செய்யும் பொத்தானை அந்நிறுவனம் முன்னிடத்தில் வைத்தது. வரிசையும் பாட்டின் ஒரு பகுதியே என்பதை ஒரு பாடகி எடுத்துச் சொல்லவேண்டிய காலம் இது.

இழப்பு இசைக்கு மட்டுமன்று. பிறர் ஒருவர் எண்ணி அமைத்த வழியில், அவர் கைப்பிடித்து நாற்பது நிமிடம் நடந்து செல்வதற்குப் பொறுமை வேண்டும். நூல் படிப்பதற்கும், ஒருவர் சொல்வதை முடியும்வரை கேட்பதற்கும் வேண்டிய பொறுமையும் அதுவே. மாணவர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: ஒரு விடுமுறைநாள் மாலையில், நல்லதொரு தொகுதியை முதற்பாட்டிலிருந்து வரிசை மாற்றாது கேளுங்கள். காதுக்குள் மாட்டிய கருவியைக் கழற்றிவிட்டு, வீட்டார் செவியிலும் படும்படி கேளுங்கள். பெற்றோருக்கும் ஒன்று சொல்வோம். பிள்ளை கேட்கும் இசை வெறும் இரைச்சலாகத் தோன்றலாம். இவனுக்குப் பாடத் தெரியாது என்று சொல்ல நாவும் எழலாம். அந்தச் சொல்லை இரண்டாம் பாட்டு முடியும்வரை ஒத்திவைத்தால், அடுத்த முறையும் பிள்ளை உங்கள் அருகில் இருந்து கேட்கும்.