பனியனுக்கு ஆடிட் இருக்கு, கோழிக்கு?

"என்னடா, பீட்டாவுல சேர்ந்துட்டியா?"

மெஸ்ஸில் சிக்கன் வேண்டாம்னு சொன்னா வரும் முதல் கேள்வி இதுதான். இரண்டாவது கேள்வி கொஞ்சம் பக்கத்துல வந்து, குரலைக் குறைச்சு வரும்: "நீங்க என்ன ஆளுங்க?" மூணாவது, ஜிம் போற நண்பர்கள்கிட்ட இருந்து: "அப்போ புரோட்டீனுக்கு என்ன பண்ணுவ?"

நான் கறியும் முட்டையும் விட்டு ஒன்றரை வருஷம் ஆகுது. இந்த மூணு கேள்விக்கும் ஆளாளுக்குத் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிச்சிருச்சு. அதனால மொத்தமா இங்கே எழுதிடறேன்.

என் கருத்து இவ்வளவுதான். விலங்கு உரிமை என்பது அடுத்தவன் தட்டுல என்ன இருக்குன்னு எட்டிப் பார்க்கிற வேலை இல்லை. அந்தத் தட்டுக்கு வருகிற உயிர் எப்படி வளர்க்கப்படுதுன்னு கேட்கிற வேலை. என் தட்டை நான் மாத்திக்கிட்டேன், அது என் முடிவு. ஆனா கூண்டையும் ஷெட்டையும் பற்றிக் கேட்க கறி சாப்பிடுறவங்களுக்கும் உரிமை இருக்கு. திருப்பூர்க்காரன் கேட்டா அது இன்னும் பொருத்தமா இருக்கும். ஏன்னு சொல்றேன்.

நம்ம மாவட்டத்தின் இன்னொரு தொழில்

திருப்பூர்னா பனியன்னு ஊர் உலகத்துக்கே தெரியும். ஆனா தினமும் காலையில் பேப்பரில் வரும் கறிக்கோழி கொள்முதல் விலை எங்கிருந்து வருதுன்னு பார்த்திருக்கீங்களா? பல்லடம். நம்ம மாவட்டம்தான். உடுமலையில் 1984இல் சின்னதா ஆரம்பிச்ச சுகுணா நிறுவனம் 1990களில் ஒப்பந்த முறைக் கோழி வளர்ப்பைப் பெரிசா கொண்டுவந்தது. இன்னைக்கு நாடு முழுக்க இருக்கிற கறிக்கோழித் தொழிலின் மாதிரி வடிவம் நம்ம பகுதியில் உருவானது.

என் மாமா ஒருத்தர் பல்லடம் பக்கம் ஷெட் வெச்சிருக்கார். ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணி வராத காடு அது. மக்காச்சோளம் போட்டு நஷ்டப்பட்டு, கடைசியில் ஷெட் போட்டார். கணக்கை அவர் ஒரே வரியில் சொல்லுவார்: "குஞ்சும் அவங்களது, தீவனமும் அவங்களது, மருந்தும் அவங்களது. ஷெட்டும் கடனும் மட்டும் நம்மளது மாப்ள." கோழி அவருடையது கிடையாது. கிலோவுக்கு இவ்வளவுன்னு வளர்ப்புக் கூலி, அவ்வளவுதான். அந்தக் கூலியை ஏத்தித் தரச் சொல்லி நம்ம பகுதி பண்ணையாளர்கள் பலமுறை போராடியிருக்காங்க. அதனால கோழிக்காகப் பேசறேன்னு கிளம்பி மாமாவை வில்லனா காட்டினா அது அநியாயம். அந்த ஷெட்டுக்குள்ள கோழிக்கும் பேரம் பேச வழியில்ல, அவருக்கும் பெரிசா வழியில்ல.

இப்போ கோழிக்கு வருவோம். குஞ்சு வரும்போது சுமார் 40 கிராம். ஏறத்தாழ 40 நாளில் இரண்டு கிலோவைத் தாண்டி லாரி ஏறிடும். ஆறு வாரம்! நம்ம ஒரு செமஸ்டருக்குள்ள இரண்டு பேட்ச் முடிஞ்சிடும். சாதாரணமா ஒரு கோழி 5 வருஷத்துக்கு மேலயே வாழக்கூடியது.

இது தீவனத்தால மட்டும் நடக்கல. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செஞ்சாங்க, 2014இல் வெளிவந்தது. 1957ஆம் ஆண்டு ரகத்தையும் 2005ஆம் ஆண்டு ரகத்தையும் ஒரே தீவனம் கொடுத்து ஒரே மாதிரி வளர்த்தாங்க. 56ஆம் நாளில் பழைய ரகம் 905 கிராம். புதிய ரகம் 4,202 கிராம். அதே உயிரை, நாலரை மடங்குக்கும் மேல எடை போடுற மாதிரி டிசைன் பண்ணியிருக்கோம். மெக்கானிக்கல் பசங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லோடை நாலரை மடங்கு ஏத்திட்டு, தாங்குற கால் அப்படியே இருந்தா என்ன ஆகும்? சரியா நடக்க முடியாம உட்கார்ந்தே கிடக்கும் கோழிகளை எந்த ஷெட்டிலும் பார்க்கலாம். சித்திரை வெயிலில் இன்னும் கொடுமை. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேத்தணும். அந்த உடம்போட, அந்தக் கூட்டத்துல.

முட்டைக்கு நாமக்கல். அங்கே கோழி கம்பிக் கூண்டில். ஒரு கோழிக்குக் கிடைக்கிற இடம் நம்ம ரெக்கார்டு எழுதுற ஏ4 தாளை விடக் குறைவு. இறக்கையை முழுசா விரிக்க முடியாது. முட்டை ரகத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் போடாது, கறிக்கும் லாபமா வளராது. அதனால பொரிச்ச அன்னைக்கே அதைக் கொன்னுடறது உலகம் முழுக்க இந்தத் தொழிலின் வழக்கம். நான் கறியோட முட்டையையும் விட்டது இதைப் படிச்ச பிறகுதான்.

காளைக்கு ஒரு நியாயம்

"பீட்டாவா?" கேள்விக்கு இப்போ வரேன். 2017 ஜனவரியில் நான் ஏழாவது படிச்சிட்டிருந்தேன். மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் நம்ம அண்ணன், அக்காங்க உட்கார்ந்திருந்தாங்க. அதற்குப் பிறகு நம்ம ஊரில் விலங்கு உரிமைன்னு யார் வாயைத் திறந்தாலும் அவன் வெளிநாட்டு ஏஜென்ட். சட்டப்படி அந்தக் கதை 2023 மே 18 அன்று முடிஞ்சது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தமிழ்நாட்டுச் சட்டத்தை ஏத்துக்கிச்சு. ஜல்லிக்கட்டு பற்றி நான் இங்கே வாதாட வரல.

ஆனா அன்னைக்கு மேடையில் பேசினது என்ன? நாட்டு ரகம் அழியுது, கலப்பினம் வந்து நம்ம மாட்டை விரட்டுது, கம்பெனிக்காரன் நம்ம பண்ணையைப் பிடிச்சிட்டான். காங்கேயம் காளை படம் போட்ட டி-ஷர்ட்டை நம்ம ஊர்லயே அடிச்சு வித்தாங்க. அதே வாதத்தைக் கோழிக்குப் போட்டுப் பாருங்க, ஒரு வார்த்தை மாத்தத் தேவையில்ல. ஷெட்டில் வளர்ற ரகங்களின் மூல வம்சம் உலகத்தில் இரண்டு மூணு பெரிய கம்பெனிகள் கையில். காளை மேல பாசம் வைக்கிறது சந்தோஷம். அந்தப் பாசம் காங்கேயத்துல கிளம்பி பல்லடம் வர்றதுக்குள்ள ஏன் தீர்ந்துபோகுது?

சுத்தம் பேசாதீங்க

"நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்வியில் தப்பே இல்லைன்னு சொல்லமாட்டேன், ஆனா அது எங்கிருந்து வருதுன்னு புரியுது. இந்த நாட்டில் 'நான் சைவம்' என்பதை ரொம்ப காலமா 'நான் உன்னை விட மேல'ன்னு சொல்லத்தான் பயன்படுத்தியிருக்காங்க. 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், தனி கைகழுவும் இடம்னு போஸ்டர் ஒட்டினாங்க. எதிர்ப்பு வந்த பிறகு எடுத்தாங்க. அந்தப் போஸ்டரால எந்தக் கோழிக்காவது ஒரு இஞ்ச் இடம் கூடுதலா கிடைச்சதா? இல்ல. பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுறவனுக்கு அவமானம் மட்டும் கிடைச்சது.

2003இல் தமிழ்நாடு அரசு கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடை விதிச்சது. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தாங்க. 2004இல் அந்தச் சட்டத்தையே திரும்ப வாங்கிக்கிட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. குலசாமிக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டுற கிடாய், அதுவரைக்கும் காட்டில் மேய்ஞ்சு ஓடியாடி வளர்ந்தது. அதைத் தடுக்கப் போலீஸ் வந்தது. ஷெட்டுக்குள்ள ஒரு நாள்கூட வெயில் படாத கோழியைப் பற்றி யாரும் பேசல. விலங்கு மேல அக்கறைன்னு சொல்லிக்கிட்டு, மனுஷங்களில் யார் எளிய ஆளோ அவங்க சாமியையும் அவங்க சாப்பாட்டையும் தொட்டா இப்படித்தான் முடியும்.

அதனால பள்ளிக்கூடச் சத்துணவு முட்டைமேல கை வைக்கிறதை நான் எதிர்க்கிறேன். வாரம் 5 முட்டை பல பிள்ளைகளுக்கு உண்மையான பலம். கொல்லாமை பேசின வள்ளலாரே வடலூரில் 1867இல் முதலில் செஞ்சது, பசிச்சவனுக்குச் சோறு போட தர்மசாலை அடுப்பை மூட்டினதுதான்.

ஆடிட் என்றால் நமக்குத் தெரியும்

இங்கேதான் திருப்பூர்க்காரன் பேசணும்னு சொன்னேன். நம்ம வீட்டில் பாதிப்பேர் கட்டிங், பவர் டேபிள், செக்கிங், அயர்னிங்னு ஏதோ ஒரு செக்ஷனில் இருக்காங்க. பையர் ஆடிட்னா என்னன்னு நமக்கு யாரும் விளக்க வேண்டாம். வயசுச் சான்று எங்கே, எமர்ஜென்சி எக்ஸிட் பூட்டியிருக்கா, ஓவர்டைம் ரெஜிஸ்டர் சரியா, குடிதண்ணி டெஸ்ட் ரிப்போர்ட் எங்கே. ஆடிட் அன்னைக்கு மட்டும் முதலுதவிப் பெட்டியில் பஞ்சு நிறைஞ்சிருக்கும் என்ற ஜோக்கும் தெரியும். ஆனாலும் வெளிநாட்டில் டி-ஷர்ட் வாங்குறவன் 'இது எப்படித் தயாராச்சு'ன்னு கேட்டதால் இங்கே சில விஷயங்கள் மாறியிருக்கு. இல்லைன்னு சொல்ல முடியாது.

நொய்யலை எடுத்துக்கோங்க. ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குன்னு கட்டினது. தேங்கினது சாயத் தண்ணி. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் போனாங்க. சாயக்கழிவு ஒரு சொட்டுகூட வெளியே விடக்கூடாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. செய்ய முடியாது, தொழிலே படுத்திடும்னு சொன்னாங்க. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஊரே திண்டாடிச்சு, அந்த வலி நம்ம பெத்தவங்களுக்குத் தெரியும். ஆனா இன்னைக்கு அதே ஜீரோ டிஸ்சார்ஜை பெருமையா பிரசன்டேஷனில் போட்டுத்தான் ஆர்டர் பிடிக்கிறாங்க. முடியாதுன்னு சொன்னது, கணக்குல சேர்க்காத செலவைக் கணக்குல சேர்த்ததும் முடிஞ்சது.

கோழிக்கும் இதைக் கேட்கலாம். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவிலேயே, அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பது குற்றம்னு இருக்கு. முதல் தடவைக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! ஒரு பிளேட் பிரியாணிகூட அந்தக் காசுக்கு வராது. கோழிகளின் நிலை பற்றி இந்திய சட்ட ஆணையம் 2017இல் தனியாவே ஓர் அறிக்கை கொடுத்தது, 269ஆவது அறிக்கை. ஐரோப்பிய ஒன்றியம் பழைய மாதிரிக் கம்பிக் கூண்டை 2012லேயே தடை செஞ்சது. சேவல் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022இல் நிறுத்திச்சு.

நம்ம ஊரில் முட்டைக்கு மிகப் பெரிய பையர் யார்? சத்துணவு வாங்குற தமிழ்நாடு அரசு. ஒரு வெளிநாட்டு பையர் நம்ம கம்பெனிகிட்ட கேட்கிற மாதிரி, டெண்டரில் 'இந்த முட்டை எந்த மாதிரிப் பண்ணையிலிருந்து வருது'ன்னு அரசு ஒரு வரி சேர்க்கலாம். பிள்ளைக்கு முட்டையும் போகும், கோழிக்கு இடமும் கிடைக்கும். கூடுற செலவை பண்ணையாளர் தலையில் கட்டாம வாங்குறவங்க ஏத்துக்கணும். மாமாவுக்கும் அப்போதான் இது சரிப்படும்.

இதெல்லாம் செஞ்சா போதுமா? எனக்குப் போதாது. நல்லா வளர்த்துட்டு நாற்பதாவது நாள் கொல்றதையும் நான் ஏத்துக்கல. அதனாலதான் சாப்பிடுறதை விட்டேன். ஆனா எல்லாரும் விடுற வரைக்கும் அந்தக் கோழி ஏ4 தாளில் காத்திருக்கணும்னு சொல்ல எனக்கு மனசு வரல.

கடைசியா, புரோட்டீன்

கொங்கு நாட்டில் பிறந்துட்டு இந்தக் கேள்வி கேட்கலாமா? கொள்ளு 100 கிராமில் சுமார் 22 கிராம் புரோட்டீன், நிலக்கடலையில் 25, மீல் மேக்கரில் 50க்கு மேல. தட்டப்பயிறு, பச்சைப்பயிறு எல்லாம் வீட்டு டப்பாவிலேயே இருக்கு. பால் பொருளையும் விடுறவங்க பி12 மாத்திரை கட்டாயம் எடுக்கணும், செடி உணவில் அது கிடைக்காது. இதில் வீரம் காட்டாதீங்க.

"செடிக்கும் உயிர் இருக்கே"ன்னு கேட்பாங்க. கறிக்கோழி ஒரு கிலோ எடை போட ஒன்றரை கிலோவுக்கு மேல மக்காச்சோளமும் சோயாவும் சாப்பிடுது. செடி மேல அவ்வளவு அக்கறைன்னாலும் நேரா பருப்பு சாப்பிடுறதுதான் கணக்குக்குச் சரி.

நம்ம காலேஜில் செய்ய இரண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, மெஸ் கமிட்டியில் சிக்கன் நாளில் எங்களுக்கு வெறும் கோபிக்குப் பதிலா கொள்ளுப் பருப்போ சுண்டலோ கேட்கிறது. சிக்கனை நிறுத்தச் சொல்லல. இன்னொண்ணு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். வருஷா வருஷம் ஒரு டீமாவது 'ஸ்மார்ட் கோழிப்பண்ணை' எடுக்கும். வெப்பம், ஈரப்பதம், அமோனியா எல்லாத்துக்கும் சென்சர். எதுக்கு? தீவனம் எவ்வளவு கறியா மாறுதுன்னு பார்க்க. அதே போர்டில் இன்னும் மூணு அளவு எடுங்க: ஒரு கோழிக்கு எவ்வளவு இடம், எத்தனை கோழி நடக்க முடியாம கிடக்கு, மதிய வெயிலில் எத்தனை சாகுது. ரிவ்யூவில் பேனல் கேட்பாங்க இல்லையா, "இதனால யாருக்குப் பயன்?"னு. அந்த ஸ்லைடில் விவசாயி பேருக்குக் கீழே கோழியையும் ஒரு வரி எழுதுங்க.