இன்வெர்ட்டரும் இல்லத்தரசியும்

"கரண்ட் போனால் என்ன? எங்கள் வீட்டில்தான் இன்வெர்ட்டர் இருக்கிறதே!" என்று பெருமையோடு சொல்லும் அம்மணிகளைப் புதுச்சேரியில் வீதிக்கு நாலு பேராவது பார்க்கலாம். ரெயின்போ நகரில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், 2024 நவம்பர் 30-ஆம் தேதி வரையில்.

அன்று சாயங்காலமும் இரவுமாக ஃபெஞ்சல் புயல் நம் ஊருக்கு அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை! அந்த அம்மாளின் மாமனாருக்கு மூச்சுத் தொந்தரவு. இரவில் ஆக்ஸிஜன் இயந்திரத்தின் குழாயை மூக்கில் வைத்துக்கொண்டால்தான் தூக்கம். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கியது. குழந்தைகள் இருக்கும் அறையில் விசிறி, கூடத்தில் விசிறி, சமையலறையில்கூட விசிறி! பெரியவர் படுத்த சிறிது நேரத்துக்கெல்லாம் பெட்டி 'கீ கீ' என்று கத்திவிட்டு ஓய்ந்தது. நல்ல வேளை, வீட்டில் ஒரு சிறு சிலிண்டர் இருந்தது. அதை வைத்துக்கொண்டு எப்படியோ பொழுதை விடிய வைத்தார்கள்.

"இத்தனை விலை கொடுத்து வாங்கினோமே, ஏமாற்றிவிட்டதே!" என்று என்னிடம் குறைப்பட்டார். பெட்டியைச் சொல்லிக் குற்றமில்லை. பால் கணக்கும் மளிகைக் கணக்கும் பைசா தவறாமல் போடுகிற நாம், இதற்கு மட்டும் கணக்கே போடுவதில்லை.

சுலபமான கணக்குதான். பேட்டரியின் மேல் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1800 வாட்-மணி. சம்பளம் கைக்கு வருமுன் பிடித்தம் போவதில்லையா? அதுபோல் இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கிவிடும். பாக்கியையும் ஒட்டத் துடைத்தால் பேட்டரியின் ஆயுசு குறையும். ஆகவே செலவுக்கு ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய விசிறி ஒன்று 75 வாட், எல்.இ.டி. பல்பு 9 வாட். மூன்று விசிறி, மூன்று பல்பு என்றால் மணிக்கு 252. நாலே மணி நேரத்தில் பை காலி! ஐந்து லிட்டர் ஆக்ஸிஜன் இயந்திரமோ, தான் ஒன்றே சுமார் 300 வாட் கேட்கும். மற்ற எல்லாவற்றையும் அணைத்திருந்தாலும் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் ஓடியிருக்கும். அந்த வீட்டுக்குச் சிலிண்டரும் வேண்டும், இரண்டாவது பேட்டரியும் வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. பழியெல்லாம் மிக்ஸியின் தலையில்தான் விழுகிறது. 750 வாட் மிக்ஸி ஐந்து நிமிஷம் ஓடினால் ஆகும் செலவு அறுபது சொச்சம். பெட்டி சிறியதானால் அந்தப் பாரம் தாங்காமல் நின்றுவிடலாம், அது வேறு விஷயம். இரவெல்லாம் சுழலும் விசிறிதான் சத்தமில்லாத ஊதாரி. இப்போது 30 வாட்டில் ஓடும் விசிறிகள் வந்திருக்கின்றன. இஸ்திரிப் பெட்டி, கீஸர், மின்சார அடுப்பு ஆகியவற்றை இன்வெர்ட்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

வீட்டையே மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் மேல்நாட்டுக் குடும்பங்கள் தினமும் இந்தக் கணக்கைப் போடுகின்றன. அவர்களுக்காவது எஞ்சின் ஓடினால் பேட்டரி நிரம்பும். நமக்கு? 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்துவிட்டுப் போன பிறகு எத்தனை நாள் இருட்டில் இருந்தோம் என்பதை மறந்துவிட முடியுமா?

ஈய பேட்டரியை 1859-இல் கண்டுபிடித்த காஸ்தோன் பிளாந்தே பிரெஞ்சுக்காரர். ஆம்பியர் என்ற அளவும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர்தான். ஆகவே புதுச்சேரிக்காரர்களான நமக்கு இந்தப் பெட்டியிடம் கொஞ்சம் உறவு முறை உண்டு!

ஆனால் உறவுக்கும் எல்லை வேண்டும். வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது, "கரண்ட்தான் போய்விட்டதே" என்று தைரியமாகத் தண்ணீரில் இறங்கிவிடாதீர்கள். வெளிக் கரண்ட் போனாலும், இன்வெர்ட்டர் தன் வயர்களில் அதே 230 வோல்ட்டைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். உயிரை வாங்க அது தாராளமாகப் போதும். வாசற்படியைத் தண்ணீர் தொடும்போதே, கால் நனையுமுன், மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும்.

நம் அம்மாள் இப்போது பெட்டியை மூன்றடி மேடைமேல் ஏற்றிவிட்டார். முதலில் பூஜை அறை மூலையில்தான் வைப்பதாக இருந்தார். நான்தான் தடுத்தேன். பேட்டரி சார்ஜ் ஆகும்போது எரியக்கூடிய வாயு கிளம்பும். பக்கத்தில் குத்துவிளக்கு கூடாது, காற்றோட்டம் வேண்டும். மாதம் ஒரு முறை திறந்து பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

போன வாரம் சொம்பில் குழாய்த் தண்ணீரோடு பெட்டியருகே போனாராம். கட்டிலில் இருந்தபடியே ஓர் அதட்டல் போட்டு நிறுத்தியவர் மாமனார்!