மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்

சென்ற மாதம் கட்டாரிலிருந்து மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். "மச்சான், மகனுக்கு ஒரு கியர் சைக்கிள் பார்த்து வாங்கிக் குடுங்க. ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் உள்ளது வேணுமாம்" என்றார். அவர் அனுப்பிய தொகை அவருடைய அரை மாதச் சம்பளம். ஆனால், உண்மையான மலைச் சைக்கிள் ஒன்றின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறிய தொகை. இந்த இடைவெளியில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2022 ஜூன் மாத இறுதியில் இலங்கையில் எரிபொருள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். மோட்டார் சைக்கிள்கள் முற்றத்தில் உறங்கின. ஊரே மிதிவண்டிக்குத் திரும்பியது. அந்த ஆண்டின் முற்பகுதியில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டியிருந்தது. இருப்பதை அள்ளிக்கொள்ளும் அவசரத்தில் என் மகனுக்கும் ஒன்று வாங்கினேன். முன்னும் பின்னும் ஸ்பிரிங், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், இருபத்தொரு கியர். பார்ப்பதற்கு மோட்டார் சைக்கிளின் தம்பி போல இருந்தது.

மூன்று மாதம் ஓடியது. பின்புற ஸ்பிரிங் கதவுக் கீல் போல முனகத் தொடங்கியது. கியர் தானாகவே மாறியது. ஒரு மாலை, காரைதீவுப் பக்கம் போன மகனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. மதகுக் கட்டில் மோதி இடது மணிக்கட்டு முறிந்தது. சைக்கிளைத் திருத்தக் கொண்டு சென்றபோது திருத்துபவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "காக்கா, இது மலை ஏறுற சைக்கிள் இல்லை. மலை ஏறுற மாதிரி காட்டுற சைக்கிள்."

மலைச் சைக்கிளின் வரலாறும் அவர் பக்கமே நிற்கிறது. 1970களில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் பகுதி மலைச்சரிவுகளில் சில இளைஞர்கள் தடித்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களை உருட்டிவிட்டு விளையாடியதிலிருந்து பிறந்தது அது. ஜோ பிரீஸ் என்பவர் 1977இல் அதற்கென்றே தனிச் சட்டகம் செய்தார். 1981இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' பெருந்தொகையாகச் சந்தைக்கு வந்தது. இவை எதிலும் ஸ்பிரிங் இல்லை. 'ரொக்‌ஷொக்ஸ்' நிறுவனத்தின் முன் ஸ்பிரிங் வந்தது 1989இல்தான். மலையிலேயே அத்தனை ஆண்டுகள் ஸ்பிரிங் இன்றி ஓடியிருக்கிறார்கள். மேட்டையே தேட வேண்டிய நம் கரையோரத்தில் அதற்கு என்ன அவசியம்?

நல்ல ஸ்பிரிங் அமைப்பு விலை கூடியது. அதிர்வை வாங்குவதோடு, துள்ளலை அடக்கும் உறுப்பும் அதனுள் இருக்க வேண்டும். மலிவான வண்டியில் இருப்பது வெறும் சுருள் கம்பி. அது பாரத்தைக் கூட்டும், மிதிக்கும் வலுவைத் தின்னும், உப்புக் காற்றில் இறுகிப்போகும். விலை குறைந்த ஒரு வண்டியில் ஸ்பிரிங்குக்குப் போகும் ஒவ்வொரு ரூபாவும் பிரேக்கிலிருந்தோ சக்கரத்திலிருந்தோ எடுக்கப்பட்டதுதான். பிள்ளையின் உயிர் தொங்குவது பின்னிரண்டில்.

இதனால் மலைச் சைக்கிளே நமக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வட்டைக்குப் போகும் கிரவல் பாதைக்கும் வாய்க்கால் ஓரத்துக்கும் கடற்கரை மணலுக்கும் அந்த அகன்ற டயர் மிகப் பொருத்தம். கையிலுள்ள பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதே கேள்வி.

முதலாவது, ஸ்பிரிங் இல்லாத முன் கவை. இரண்டாவது, அலுமினிய ரிம். இரும்பு ரிம் துருப்பிடிக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கானால், மழை நாளில் இரும்பில் வழுக்கும். மூன்றாவது, மட்டமான டிஸ்க்கை விட நல்ல வி-பிரேக் மேல். கட்டையையும் கேபிளையும் எந்தக் கடையிலும் மாற்றலாம். நான்காவது, ஏழு கியர் போதும். முன்னே மூன்று பல்சக்கரம் வைத்து இருபத்தொன்று என்று எண்ணிக்கை காட்டினாலும், அவற்றில் பல ஒன்றையொன்று ஒத்தவையே. ஐந்தாவது, அளவு. "வளர்ற பிள்ளைதானே" என்று பெரியதாக வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. வண்டியை இரு கால்களுக்கிடையே வைத்து நிற்கும்போது, மேற்குழாய்க்கு மேலே இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும்.

பழைய வண்டியானாலும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதே பணத்துக்கு ஒரு படி மேலான வண்டி கிடைக்கும். ஆனால், சீற் கம்பியை மேலே இழுத்துப் பாருங்கள். கடலோர வண்டிகளில் அது உப்பில் சட்டகத்தோடு ஒட்டிப்போயிருக்கும். ஹேண்டிலுக்குக் கீழே குழாய்கள் சேரும் ஒட்டில் பெயின்ட் வெடித்திருந்தால் விட்டுவிடுங்கள். சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். செயினை அடிமட்டத்தால் அளவுங்கள். ஒரு கண்ணியின் நீளம் அரை அங்குலம் என்பதால் இருபத்துநான்கு கண்ணிகள் சரியாக ஓரடி வரவேண்டும். அதைவிட அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால் செயின் தேய்ந்துவிட்டது, பல்சக்கரமும் தேய்ந்திருக்கலாம்.

விற்பவர்களுக்கும் ஒரு சொல். மேலை நாட்டுப் பேரங்காடிகளில் விற்கும் மலிவான 'மலை' வண்டிகள் சிலவற்றில், கரடுமுரடான பாதையில் ஓட்டவேண்டாம் என்ற எச்சரிக்கையே இருக்கும். வேடிக்கைதான், ஆனாலும் அது ஒரு நேர்மை. நம் கடைகளில் அந்த ஒரு வாக்கியத்தை வாயாலாவது சொல்லலாமே? பாலைவன வெயிலில் உழைத்த பணம் அது.

மைத்துனரின் மகனுக்கு, ஸ்பிரிங் இல்லாத பழைய வண்டி ஒன்றை வாங்கினோம். மிச்சப் பணத்தில் புதிய பிரேக் கட்டை, டயர், தலைக்கவசம், பூட்டு. முதல் நாள் மருமகன் என்னோடு பேசவில்லை. நண்பர்களிடம் காட்ட அதில் என்ன இருக்கிறது என்று உம்மாவிடம் கேட்டானாம். அவன் கேட்டது நியாயமே. பதினைந்து வயதில் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இப்போது நாள்தோறும் பாடசாலைக்கு அதில்தான் போகிறான். கடற்கரைக்குப் போய் வந்தால் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறேன். கழுவுகிறான். எண்ணெய் விடத்தான் மறந்துபோகிறான்.