"பார்த்துட்டேன்" என்றால் போதுமா?



மாலையில் நம் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும்போது தலைக்கு மேலே ஒரு விமானம் போனால் போதும். பௌலர் முதல் பவுண்டரியில் நிற்பவன் வரை எல்லாரும் அண்ணாந்து பார்ப்போம். "எந்த ஊருக்குடா போகுது?" என்று ஒருவன் கேட்பான். "துபாய்" என்று இன்னொருவன் அடித்து விடுவான். அத்தோடு ஆட்டம் தொடரும். இத்தனை விமானங்கள் ஒரே வானத்தில் போகின்றனவே, ஒன்றோடு ஒன்று இடித்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இது நம் பகுதிக்குச் சம்பந்தமில்லாத கேள்வி அல்ல. மீனம்பாக்கத்தின் முதன்மை ஓடுபாதை சுமார் 3,650 மீட்டர் நீளம். அதைக் குறுக்கே வெட்டும் இரண்டாவது ஓடுபாதையை வடமேற்கே ஒரு நேர்கோடாக நீட்டினால் கொளப்பாக்கம், போரூர்ப் பக்கமாக வந்து பூந்தமல்லியை நெருங்கும். விமான நிலையத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டரில் தாம்பரம் விமானப்படைத் தளம் இருக்கிறது. பைலட்டுகளுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்றுநர்களையே உருவாக்கும் பள்ளி 1954 முதல் அங்கேதான் இயங்குகிறது. மேற்கே, நாம் தினமும் ஏறும் லோக்கல் ரயில் போய்ச் சேரும் அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் ராஜாளி தளம். அங்கே ஹெலிகாப்டர் பயிற்சியும் உண்டு. ஆக, பெரிய ஜெட், சின்னப் பயிற்சி விமானம், ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே வட்டாரத்தில். போதாததற்குக் கல்யாண வீட்டு ட்ரோனும் இப்போது சேர்ந்துகொண்டது.

"பைலட் கண்ணாடி வழியாப் பார்த்துதானே ஓட்டுறாரு, அவருக்குத் தெரியாதா?" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான், சின்ன விமானங்களுக்கு அடிப்படை விதியே 'பார், விலகு' என்பதுதான். நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்புறம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், எவருக்கு வலப்பக்கத்தில் மற்றவர் தெரிகிறாரோ அவர் வழிவிட வேண்டும். கிழக்கு நோக்கிப் போகிறவருக்கு ஒற்றைப்படை ஆயிரம் அடி உயரங்கள், மேற்கு நோக்கிப் போகிறவருக்கு இரட்டைப்படை. கண்ணால் பார்த்து ஓட்டுபவர் அதோடு 500 அடி கூட்டிக்கொள்ள வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போமே. நாம்தான் டிப்ளமோ மாணவர்களாயிற்றே!

ஒரு ஜெட் 250 நாட் வேகத்தில் வருகிறது. எதிரே ஒரு சின்ன விமானம் 100 நாட் வேகத்தில். இரண்டும் சேர்ந்து 350 நாட், அதாவது நொடிக்கு 180 மீட்டர். எதிரே இருப்பதைக் கண்டு, அது விமானம் என்று உணர்ந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானம் திரும்பத் தொடங்க மொத்தம் 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானத் துறை பைலட்டுகளுக்குச் சொல்லும் கணக்கு. அதற்குள் இடைவெளியில் 2,250 மீட்டர் தீர்ந்துவிடும். செஸ்னா 172-இன் இறக்கை நுனிக்கு நுனி 11 மீட்டர். அதை 2,250 மீட்டர் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கையை நீட்டிப் பிடித்த ஒரு கொத்தமல்லி விதை அளவுதான் தெரியும். அந்த விதையைக் கண்டுபிடிக்கத் தவறினால் அப்புறம் நேரமே கிடையாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மோதும் பாதையில் வரும் விமானம் கண்ணாடியில் நகராது. ஒரே இடத்தில் புள்ளியாக நிற்கும். நம் கண்ணோ நகர்வதைத்தான் சட்டென்று பிடிக்கும். புள்ளி பெரிதாவது கடைசிச் சில நொடிகளில்தான். தவிர, செஸ்னாவுக்கு இறக்கை மேலே, பைப்பர் செரோக்கிக்குக் கீழே. இறங்கும்போது பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயும் வந்துவிட்டால் இருவருக்குமே மற்றவர் தெரியாது. இருவர் கண்ணும் நன்றாக இருந்தும் பயனில்லை.

இது ஏட்டுக்கணக்கு அல்ல. 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான்டியாகோவில் ஒரு போயிங் 727 இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு செஸ்னா போகிறது என்று கட்டுப்பாட்டு அறை எச்சரித்தது. பைலட்டுகள் அதைப் பார்த்தார்கள். பிறகு பார்வையிலிருந்து தவறவிட்டார்கள். தாண்டிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். "இப்போது தெரியவில்லை" என்று தெளிவாகச் சொல்லவில்லை. 144 உயிர்கள் போயின. 'பார்த்தேன்' என்பதும் 'பார்த்துக்கொண்டிருக்கிறேன்' என்பதும் ஒன்றல்ல!

எட்டு ஆண்டு கழித்து, 1986 ஆகஸ்ட் 31-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே செரிட்டோஸ் ஊருக்கு மேலே ஒரு சின்ன பைப்பர் அனுமதி இல்லாத வான்பகுதிக்குள் நுழைந்து டிசி-9 விமானத்தில் மோதியது. மாண்டவர்கள் 82 பேர். தரையில் வீட்டில் இருந்தவர்களும் அதில் சேர்த்தி. அந்தச் சின்ன விமானத்தில் உயரத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் இல்லை. அதன் பிறகுதான் அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைலுக்குள் பறக்கும் விமானங்களுக்கு உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்றார்கள். பயணி விமானங்களில் டிகாஸ் என்ற மோதல் தடுப்புக் கருவியும் கட்டாயமானது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. டிகாஸ் கேள்வி கேட்கும், டிரான்ஸ்பாண்டர் பதில் சொல்லும். பதில் சொல்ல அந்தப் பக்கம் கருவியே இல்லையென்றால் டிகாஸுக்கு அந்த விமானம் இருப்பதே தெரியாது.

நம் நாட்டுக்கும் பாடம் உண்டு. 1996 நவம்பர் 12 அன்று டெல்லி அருகே சர்க்கி தாத்ரியில் சவுதி போயிங் 747-உம் கஜகஸ்தான் இலியூஷின்-76-உம் மோதி 349 பேர் இறந்தார்கள். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழித்தடம். ஒருவருக்கு 15,000 அடி, இன்னொருவருக்கு 14,000 அடி. மேலே நிற்க வேண்டியவர் கீழே வந்துவிட்டார். டெல்லி ராடாரோ உயரத்தைக் காட்டாத பழைய ராடார். அதன் பிறகுதான் வரவுக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனி வழி, புது ராடார், டிகாஸ் கட்டாயம் எல்லாம் வந்தன. ஒவ்வொரு முறையும் உயிர் போன பிறகுதானா விழிப்பு வர வேண்டும்?

இந்த இடத்தில்தான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். விபத்து திடீரென்று வானத்திலிருந்து குதிப்பதில்லை. முதலில் பல தடவை 'தப்பிச்சோம்டா சாமி' என்று வந்து எச்சரித்துவிட்டுத்தான் வருகிறது. 2025 ஜனவரி 29-இல் வாஷிங்டனில் பயணி விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். அங்கே ஹெலிகாப்டர் வழித்தடத்தின் உச்ச உயரம் 200 அடி. மோதல் நடந்தது அதற்கு மேலே. விசாரணையில் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். 2021 அக்டோபரிலிருந்து 2024 டிசம்பர் வரை அந்த ஒரே விமான நிலையத்தில் விமானமும் ஹெலிகாப்டரும் ஒரு கடல் மைலுக்குள், 400 அடி உயர வித்தியாசத்துக்குள் நெருங்கிய நிகழ்வுகள் 15,214. மிக மிக நெருங்கியவை 85. எல்லாம் கம்ப்யூட்டரில் இருந்தன. எண்ணிப் பார்த்து, எழுந்து நின்று சொல்லத்தான் ஆள் இல்லை.

1974 டிசம்பர் 1-இல் வாஷிங்டன் அருகே டி.டபிள்யூ.ஏ. விமானம் மலையில் மோதி 92 பேர் இறந்த கதையும் இதேதான். ஆறு வாரம் முன்பு வேறொரு கம்பெனியின் பைலட்டுகள் அதே குழப்பத்தில் சிக்கி மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தங்கள் கம்பெனிக்குள் சொன்னார்கள். அடுத்த கம்பெனிக்குத் தெரியவில்லை. இதற்குப் பிறகு 1976-இல் நாசா ஒரு ஏற்பாடு செய்தது. தப்பிய கதையைப் பைலட் எழுதி அனுப்பலாம், பெயர் வெளியே வராது. திட்டுவதற்கு அல்ல, கற்றுக்கொள்வதற்கு.

இதைப் படித்தபோது எனக்கு என் இன்பிளாண்ட் டிரெய்னிங்தான் ஞாபகம் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனி. ஒருநாள் லேத்தில் சக் கீயை எடுக்காமலே மெஷினை ஆன் செய்துவிட்டேன். சக் கீ பறந்து போய்ச் சுவரில் அடித்தது. அரை நிமிடம் முன்புவரை அங்கே ஒரு அண்ணன் குனிந்து பொருள் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கை கால் நடுங்கியது. பக்கத்து மெஷின் அண்ணன், "தம்பி, ஃபோர்மேன் சாருக்குத் தெரிய வேணாம், சர்டிபிகேட்ல கை வச்சிடுவாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல, விடு" என்றார். நானும் விட்டுவிட்டேன். என்மேல் உள்ள அக்கறையில்தான் அவர் சொன்னார். ஆனால் எனக்குப் பின் அடுத்த பேட்ச் மாணவன் அதே லேத்தில் நிற்பானே! நான் வாய் திறந்திருந்தால், "சக் கீயைக் கையில் எடுத்த பிறகே ஸ்விட்சில் கை வை" என்று அந்த மெஷினில் ஒரு போர்டாவது எழுதி மாட்டியிருப்பார்கள். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

"தப்பு செஞ்சவனைத் தண்டிக்காம விட்டா பயம் போயிடாதா?" என்று கேட்கலாம். வேண்டுமென்றே விதியை மீறியவனைத் தண்டியுங்கள், யார் வேண்டாம் என்றது? கைதவறியதைத் தானாக வந்து சொல்பவனையும் தண்டித்தால், அடுத்தவன் சொல்ல மாட்டான். அவ்வளவுதான். பயத்தால் தவறு குறையாது, தவறு பற்றிய செய்திதான் குறையும்.

சரி, நாம் பைலட் அல்லவே, நமக்கென்ன என்கிறீர்களா? நம்மில் எத்தனை பேர் ப்ராஜெக்ட்டுக்கு ட்ரோன் செய்கிறோம்! அதுவும் ஒரு சின்ன விமானம்தான். விமானத்தின் பைலட் கண்ணுக்குச் செஸ்னாவே கொத்தமல்லி விதை என்றால் நம் ட்ரோன் எங்கே தெரியப்போகிறது? டிகாஸுக்கும் தெரியாது. இறங்கும் விமானத்தின் வேகம் நொடிக்கு சுமார் 70 மீட்டர். ஒரு கிலோ ட்ரோனில் அது மோதினால், அந்த ட்ரோனை 250 மீட்டர் உயரத்திலிருந்து போட்ட அடிக்குச் சமம். வேண்டுமானால் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

2021-இல் வந்த ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள பகுதியில் 200 அடிக்கு மேலே போக அனுமதி வேண்டும். அதைவிடக் கிட்டே என்றால் தரையிலிருந்தே அனுமதி வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை போகலாம். ஆவடியிலோ பாதுகாப்புத் துறை இடங்கள் நிறைய. அதனால் டிஜிட்டல் ஸ்கை மேப்பைப் பார்க்காமல் ஒரு அடிகூடத் தூக்கக் கூடாது. ஆராய்ச்சிக்காக அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்களுக்குப் பதிவு எண், பைலட் சான்றிதழ் போன்றவற்றில் சலுகை உண்டு. ஆனால் பச்சை மண்டலத்தில், தன் வளாகத்துக்குள் பறக்கவிட்டால்தான் அந்தச் சலுகை. "மச்சான், மொட்டை மாடியிலேர்ந்து ஏத்தி ஒரு ஷாட் எடுத்துடலாம்டா" என்பது அதில் வராது.

ஆகவே நம் யூனியனுக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஒர்க் ஷாப் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிடுவோம். பெயர் எழுத வேண்டாம். 'இன்று என்ன தப்பியது, எப்படித் தப்பியது' என்று இரண்டு வரி போதும். மாதம் ஒருமுறை ஆசிரியர்களும் நாமும் உட்கார்ந்து படிப்போம். ட்ரோன் கட்டுப்பாட்டை விட்டுப் போனாலும் எழுதுவோம், சக் கீ பறந்தாலும் எழுதுவோம். யாரையும் இழுத்து நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை என்று துறைத் தலைவர்களிடம் முன்கூட்டியே வாக்கு வாங்கிக்கொள்வோம். செலவு? ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு முழம் கயிறு.

நாளை நம்மில் சிலர் ராடாரையும் டிரான்ஸ்பாண்டரையும் பழுது பார்க்கப் போகிறவர்கள். சிலர் மெஷின் முன் நிற்கப் போகிறவர்கள். எங்கே நின்றாலும் 'நமக்கு ஒண்ணும் ஆகல, விடு' என்று சொல்லாத பழக்கத்தை இங்கேயே கற்றுக்கொண்டு போவோம்.

அந்த நோட்டில் முதல் பக்கத்தை நான் எழுதுகிறேன். சக் கீ கதையோடு.