வெண்கலக் கடையும் யானையும்

"வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல" என்ற பழமொழியை ஆண்டு விழா முடிந்த இரவு நாங்கள் மூன்று பேர் வாயிலாகக் கேட்டோம். முதலில் சொன்னவர் எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி. கட்டபொம்மன் நாடகத்தில், 1799-இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைமீது பீரங்கி வெடிக்கும் காட்சிக்காக நாங்கள் அடித்த சைனா சிம்பலைத்தான் அப்படிச் சொன்னார். வரும் ஆண்டு அதை டிரம்ஸ் வரிசையிலிருந்து கழற்றிவிட வேண்டும் என்று பெரியவர்கள் சிலர் கருதுகின்றனர். கூடாது என்பது எங்கள் பணிவான கருத்து.

அதன் ஓசை இனிமையானதன்று. ஒப்புக்கொள்கிறோம். மற்ற சிம்பல்களின் நாதம் நீண்டு ஒலித்து மெல்ல ஓயும். இதுவோ அடுக்களையில் எவர்சில்வர் தாம்பாளம் கைதவறி விழுந்தாற்போல வெடித்து, நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் அடங்கிவிடும். அதன் உருவமே அதற்குக் காரணம். மற்றவற்றின் விளிம்பு குடைபோலக் கீழ்நோக்கிச் சரியும். இதன் விளிம்பு தொப்பியின் ஓரம்போல மேல்நோக்கி மடிந்திருக்கும். அதனால் ஒரு சுருதியில் நில்லாத பல ஓசைகள் ஒருங்கே எழுகின்றன. குழல்களும் கொம்புகளும் சேர்ந்து முழங்கும்போதும் இது தனியே கேட்பது அதனால்தான்.

சீன நாடக மேடையில் இத்தகைய தட்டுகளை இரண்டிரண்டாகக் கையில் பிடித்து மோதுவார்கள். பீக்கிங் ஓபராவின் போர்க் காட்சிகளில் இவ்வொலி இன்றியமையாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர்கள் ஒற்றைத் தட்டைத் தொங்கவிட்டுக் குச்சியால் அடித்தனர். பீரங்கிக்கு இதைத் தேர்ந்தெடுத்தது எங்கள் குறும்பன்று என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

நல்ல சிம்பல் வெண்கலத்தில் செம்பு ஏறத்தாழ 80 பங்கு, வெள்ளீயம் 20 பங்கு. எஃகைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும் என்று வகுப்பில் படித்தோம். இந்த வெண்கலமோ அப்படித் தோய்த்தால்தான் உடையாமல் சுத்தியலுக்கு இணங்குமாம்! எங்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று.

யானை பழகுமா என்று கேட்கலாம். நியூயார்க்கில் 1966 முதல் தாட் ஜோன்ஸுடன் பெரிய ஜாஸ் குழுவை மேடையேற்றிய மெல் லூயிஸ், இவ்வகைத் தட்டில் தாளம் நடத்தியவர். குச்சியின் நுனியால் அதன் தோளில் மெல்லத் தட்டினால் மழைச் சாரல்போலச் சலசலப்பதை நாங்களே கேட்டிருக்கிறோம். ஒத்திகை முடிந்து அனைவரும் சென்றபின்.

ஆகவே குற்றம் தட்டினுடையதன்று, எங்களுடையது. முதல் வாரம் அதை நிமிர்த்தி மாட்டி, விளிம்பிலேயே ஓங்கி அடித்து இரண்டு குச்சிகளை முறித்தோம். கவிழ்த்து மாட்டினால் அடி விளிம்பில் படாமல் தோளில் விழும் என்பதைப் பின்னர்தான் அறிந்தோம். விழாவன்று மூன்று குண்டுகள் என்பது ஏற்பாடு. கைதட்டலைக் கேட்டதும் உற்சாகத்தில் பதினொன்று வெடித்துவிட்டோம். கட்டபொம்மனின் வசனம் முழுவதும் அதில் மூழ்கிப்போயிற்று. அவள் இன்னும் எங்களோடு பேசவில்லை.

பத்தாம் வகுப்போடு நாங்கள் இசைக்குழுவை விட்டு விலகுகிறோம். எங்கள் பதினொரு அடிகளுக்காக ஒன்பதாம் வகுப்புத் தங்கைகள் அத்தட்டை இழக்கலாமா? கவிழ்த்து மாட்டும் முறையை அவர்களுக்குக் காட்டிவிட்டோம். அடுத்த விழாவில் மூன்றே குண்டுகள் என்று எழுதி வாங்கியிருக்கிறோம். பாட்டிக்கு நான்காம் வரிசையில் இடம் வைக்கவும் சொல்லியிருக்கிறோம்.