அளவுகோல் முன்னர்; மதிப்பெண் பின்னர்!

ஏழாம் வகுப்பு ஒன்றை எண்ணிப் பார்க்க. "உங்கள் ஊர் ஏரியைப் பற்றி ஆய்ந்து வருக" என்று ஆசிரியர் மாணாக்கர்க்கு ஒரு செயல்திட்டம் தருகிறார். பத்து நாள் கழித்து இரண்டு படைப்புகள் அவர்முன் வைக்கப்படுகின்றன. ஒன்று, கடையிற் பணங்கொடுத்துச் செய்வித்த தெர்மோகோல் ஏரி. வண்ணம் பூசி, மின்விளக்கும் பொருத்தப்பட்டது. மற்றொன்று, கோடிட்ட நான்கு தாள்கள். உழவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டனிடம் கேட்டறிந்து, மதகு, மடை, கலிங்கு, வாய்க்கால் என ஏரியின் உறுப்புகளுக்குத் தன் ஊரில் வழங்கும் பெயர்களையும், எந்த மடை எப்பொழுது தூர்ந்தது என்பதையும் அவற்றில் எழுதியிருக்கிறாள். முன்னதற்குப் பத்துக்கு 9; பின்னதற்குப் பத்துக்கு 5. ஏன் என்று கேட்க அச்சிறுமிக்குத் துணிவில்லை. கேட்டிருப்பினும், சொல்வதற்கு ஆசிரியரிடம் விடையில்லை.

இஃது ஆசிரியரின் தீய உள்ளத்தால் விளைவதன்று. கோலின்றி அளப்பதால் விளைவது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தொடர்ச்சியும் முழுமையும் உடைய மதிப்பீட்டை வலியுறுத்தியது. 2012-13ஆம் கல்வியாண்டில் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை புகுத்தப்பட்டபொழுது, நூற்றுக்கு 60 மதிப்பெண் தொகுத்தறி தேர்வுக்கும், 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்கும் ஒதுக்கப்பட்டன. அந்நாற்பதில் ஒரு பங்கு மாணாக்கர் தாமே செய்யும் செயல்பாடுகளுக்கு உரியது. நோக்கம் நன்றே. ஆயின், எழுத்துத் தேர்வுக்கு விடைக்குறிப்பு உண்டு. செயல்திட்டத்துக்கு என்ன உண்டு? கோல் இல்லாவிடத்துக் கண்ணுக்கு இனியதே கருத்துக்கும் இனியதாகிவிடுகிறது. தந்தையின் பணப்பை மகனின் அறிவாக மதிப்பிடப்படுகிறது.

இக்குறையை நீக்க மேலைநாட்டுக் கல்வியாளர் கைக்கொண்ட கருவியே 'உரூபிரிக்கு' எனப்படுவது. செங்காவியைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். பழஞ்சுவடிகளில் தலைப்புகளையும் நெறிக்குறிப்புகளையும் செம்மையால் எழுதிய வழக்கத்தால் வந்தது. தமிழில் 'மதிப்பீட்டு அளவுகோல்' என்றாலே எவர்க்கும் விளங்கும். ஒரு படைப்பில் எவ்வெக் கூறுகள் நோக்கப்படும், ஒவ்வொரு கூற்றிலும் உயர்நிலை எது, தாழ்நிலை எது என்பவற்றைக் கட்டமிட்டு எழுதி, பணி தொடங்குமுன்னரே மாணாக்கர் கையில் கொடுத்துவிடுவதே அம்முறை.

கோலின் நடுவுநிலை தமிழர்க்குப் புதிதன்று. நன்னூல் நல்லாசிரியர்க்கு நிலம், மலை, மலர் ஆகியவற்றோடு நிறைகோலையும் ஒப்புமை கூறுகிறது. எனினும், கோல் ஒன்று இருந்துவிட்டாலே முறைமை நிலைத்துவிடாது. முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலைக்கு உரியவரின் தகுதிகளைப் பலரும் அறியக் கல்லிலேயே பொறித்தது. மறைவின்றி முன்னரே அறிவித்த அவ்வொழுங்கு பாராட்டத்தக்கதே. ஆயின், அத்தகுதிகள் எவை? கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம், தன் மனையில் வீடு, வேதக் கல்வி! நிலமற்றவனும் வேதம் மறுக்கப்பட்டவனும் அக்கல்லின் முன் நின்று என்ன பயன்? ஆகலின், அளவுகோலை வெளியிடுவது பாதிப் பணியே. அது யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஆராய்வது மறுபாதி.

எனவே, ஊர் ஏரி பற்றிய செயல்திட்டத்துக்கு நான்கு கூறுகள் போதும். முதலாவது, தேடல்: தானே கண்டும் கேட்டும் திரட்டியதற்கு 4, நூலினின்று மட்டும் எடுத்ததற்கு 2, பிறர் செய்ததைப் பெயர்த்ததற்கு 1. இரண்டாவது, எண்ணம்: ஏன், எவ்வாறு என்னும் வினாக்களுக்குத் தன் விடை காணல். மூன்றாவது, மொழி: பிறமொழிச் சொற்களை வாரி இறைக்காது, தன் ஊர்ச்சொல்லைப் பொருளறிந்து ஆளுதல். நான்காவது, ஒழுங்கு: செய்திகளை முன்பின் முறைப்பட வைத்தல். பகட்டுக்கு இதில் இடமே இல்லை. இக்கோலால் அளந்தால், அச்சிறுமி தேடலிலும் மொழியிலும் 4 பெறுவாள். ஒழுங்கில் ஒருகால் 2 பெறுவாள். ஆயின், குறை எங்குள்ளது என்பதை அவளே அறிவாள். அடுத்த முறை திருத்திக்கொள்வாள். வெறும் 5 என்னும் எண் அவளுக்கு எதைக் கற்பித்தது?

நாற்பது பேர் வகுப்பில் இதற்கு நேரமேது என்பர் சிலர். ஒருமுறை எழுதிய கோல் நாற்பது படைப்புகளுக்கும் உதவும். மதிப்பெண் குறித்த முறையீடுகளும் குறையும். குழந்தையின் படைப்பாற்றலைக் கட்டத்துள் அடைப்பதா என்பர் வேறு சிலர். கட்டம் அடைப்பது படைப்பாற்றலை அன்று. மதிப்பிடுவோரின் விருப்பு வெறுப்புகளையே!

ஆங்கிலத்தில் வரையப்பெற்று, அரைகுறையாய்ப் பெயர்க்கப்பட்ட படிவத்துக்குக் காத்திராமல், தமிழாசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்புக்குரிய கோலைத் தூய எளிய தமிழில் தாமே வரைக. மாணாக்கரோடு கலந்து வரையின் இன்னும் நன்று. நான்கு தாள்களோடு நிற்கும் அந்த உழவர் மகள் தலைநிமிர்ந்து "ஏன் ஐந்து?" என்று கேட்கும் நாளே, கல்வி அவளுக்கும் உரியதாகும் நாள்!